கண்டக்டர் இருதயம் உட்கார்ந்த கதை

முப்பத்தொரு வருஷம் நின்றுகொண்டே சம்பாதித்தவர் இருதயம். தேனிக்கும் கம்பத்துக்குமாக ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். கண்டக்டருக்கென்று முன்னால் ஒரு ஸீட் உண்டுதான். ஆனால் வண்டி ஊரைத் தாண்டுவதற்குள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியோ, ஒரு தக்காளிக் கூடையோ அதில் ஏறி உட்கார்ந்துவிடும். தூக்கத்தில்கூட அவர், "படியில நிக்காதீக, உள்ள போங்க, உள்ள போங்க" என்பார். பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி ஆரோக்கியம்மாள், "இதுக்கு மேல உள்ள போனா செவருதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பாள்.

போன வருஷம் வேலையை விட்டு நின்றபோது அவருக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. மத்தியானம் சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். யாரும் எழுப்பக்கூடாது.

வீட்டில் அதற்கு வழியில்லாமல் போயிற்று. மருமகள் ஜெசி சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள். ஃபேனுக்கு நேர் கீழே கிடந்த அவருடைய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தால்தான் அவளுக்கு முதுகு வலிப்பதில்லை. சரி, பிள்ளை உட்காரட்டும் என்று மூலையில் ஒரு ஸ்டூலைப் போட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்தவர், திடீரென்று, "சின்னமனூரெல்லாம் எறங்கு!" என்று ஒரு சத்தம் போட்டார். அன்றைய மீட்டிங்கில் இருந்த பன்னிரண்டு பேருக்கும் சின்னமனூர் வந்துவிட்டது தெரிந்தது.

"மாமா, ப்ளீஸ்..." என்று ஜெசி கும்பிட்டாள். கோபமில்லை, சிரிப்புதான். ஆனாலும் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

தோட்டமென்றால் ஓடைப்பட்டி ரோட்டில் முக்கால் ஏக்கர் பன்னீர் திராட்சை. பந்தலுக்கு முன்னால், ரோட்டை ஒட்டினாற்போல் ஒரு பழைய மோட்டார் ரூம். மோட்டார் ஆழ்துளைக் கிணற்றுக்குள் இறங்கிப் பல வருஷமாகிறது. ரூமில் மிச்சமிருந்தது காலி மருந்து டப்பாக்கள், துருப்பிடித்த ஸ்டார்ட்டர், சாக்கு, ஒரு தேள் குடும்பம். ரோட்டுப் பக்கச் சுவரில் மீட்டர் பெட்டிக்காகக் கொத்தனார் மேலே வளைவு வைத்து அழகாக ஒரு மாடம் கட்டியிருந்தார். மீட்டர் இப்போது கரண்ட் கம்பத்துக்குப் போய்விட்டதால் அதுவும் சும்மா கிடந்தது.

இரண்டு நாளில் எல்லாவற்றையும் வாரி வெளியே போட்டார். தேனியில் பஸ்ஸுக்கு பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பெயிண்டராக இருக்கும் சங்கிலி அவருக்குப் பழைய பழக்கம். அவரிடமிருந்து கழற்றிப்போட்ட இரண்டு பேர் ஸீட் ஒன்றும், பஸ் மணி ஒன்றும், அதற்குக் கயிறும் வந்து சேர்ந்தன. ஸீட்டைத் தரையில் போல்ட் போட்டு முடுக்கினார். மணியை வாசலுக்கு மேலே மாட்டிக் கயிற்றை ஸீட்டு வரைக்கும் இழுத்துக் கட்டினார்.

ஆரோக்கியம்மாள் வந்து பார்த்தாள். "ஸீட்டு சரி. மணி எதுக்கு?"

"காப்பி வேணும்னா அடிப்பேன். நீ பந்தலுக்குள்ள நின்னாலும் கேக்குமில்ல?"

"மணியடிச்சாச் சோறு போட இது செயிலா? ஒருவாட்டி அடிச்சுப் பாருங்க, கயித்த அறுத்து ஆட்டுக்குக் கட்டிப்புடுறேன்."

அடுத்து பெயிண்ட். இருதயம் தன் வாழ்நாளில் காசு கொடுத்து பெயிண்ட் வாங்கியவரில்லை. அவருடைய வீட்டு ஜன்னல் பஞ்சாயத்து டேங்கின் நிறம், கேட் பள்ளிக்கூடத்து பெஞ்சின் நிறம். அந்த மாதம் கோயில் திருவிழாவுக்காக மாதா சிலை நிற்கும் குகை போன்ற கெபிக்குப் புதிதாக பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஒரு வாளி வான நீலமும் அரை வாளி வெள்ளையும் மிச்சம். கோயில் உபதேசியார் சேவியர் அதைத் தூக்கிக் கொடுக்கும்போதே, "கண்டக்டரே, மாதாவுக்குன்னு வாங்குனது, பாத்து அடிங்க" என்றார்.

"மாதாவுக்கு அடிச்சது போக மிச்சந்தான?" என்றார் இருதயம்.

மூன்று நாள் மூங்கிலில் ரோலரைக் கட்டிக்கொண்டு அவரே அடித்தார். சுவர் நீலம், மாடம் வெள்ளை, மாடத்தைச் சுற்றி மறுபடி ஒரு நீலக்கோடு. கோடு நேராக வந்ததில் அவருக்கே பெருமை. ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்த ஜெசி, "சூப்பரா இருக்கு மாமா. ஆனா எங்கயோ பாத்த மாதிரி இருக்கு" என்று யோசித்துவிட்டுப் போனாள். ஆரோக்கியம்மாளுக்கும் எங்கேயோ பார்த்ததுபோல்தான் இருந்தது. இருதயத்துக்கு நீல வாளியைத் தவிர வேறெதுவும் ஞாபகமில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் தூக்குவாளிச் சோற்றை முடித்தார். குடிக்கிற தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கட்டுமென்று வெள்ளைக் கேனின் மேல் தன்னுடைய நீலத்துண்டை நனைத்துப் போர்த்தி, காற்றுப் படும்படி மாடத்தில் வைத்தார். ஸீட்டில் காலை நீட்டினார். ஸ்பிரிங் ஒருதரம் முனகி அடங்கியது. முப்பத்தொரு வருஷத்து முழங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் தளர்ந்தன.

பத்து நிமிஷம் போயிருக்காது. முணுமுணுவென்று சத்தம் கேட்டு விழித்தார். ரோட்டோரம் வேன் நிற்கிறது. பழம் வெட்டப் போகிற பெண்கள் ஆறேழு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு மாடத்தைப் பார்த்துக் கைகூப்பி நிற்கிறார்கள். முன்னால் நிற்பது அவர்களைக் கூட்டிப்போகும் சோணையம்மாள்.

"என்னாத்தா இது?"

"சத்தம் போடாதீக கண்டக்டரே, கும்பிடுறோம்ல?"

இருதயம் எட்டிப் பார்த்தார். வெள்ளை உடம்பு, தலையிலிருந்து வழிகிற நீல முக்காடு, மேலே வளைவு. அப்போதுதான் அவருக்கும் எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது.

"அடி ஆத்தா, அது தண்ணிக் கேனு!"

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? கேனுன்னு தெரியுது. செலை இன்னும் வந்து சேரல, அதுவரைக்கும் கேன வச்சிருக்கீக. நாங்க மட்டும் புதுக்கோயிலுக்கு மொதல்ல செங்கல்ல நட்டுக் கும்பிடலையா?"

சோணையம்மாள் தன் தலையிலிருந்த மல்லிகையில் பாதியைக் கிள்ளிக் கேனின் கழுத்தில் சுற்றிவிட்டுப் போனாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அன்று சாயங்காலம் மேற்கே மலையில் கறுத்துக்கொண்டு வந்தது. வெட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மழை பெய்தால் திராட்சை வெடித்துப்போகும். தோட்டக்காரர்கள் எல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேகம் ஓடைப்பட்டிக்கு மேலே வந்து, கொஞ்சம் யோசித்து, வருசநாட்டுப் பக்கம் போய்க் கொட்டியது. மறுநாள் காலையில் சோணையம்மாள் வாயைத் திறந்தாள். மத்தியானத்துக்குள் 'கண்டக்டர் தோட்டத்து மாதா' என்று பெயரே வந்துவிட்டது.

மெழுகுவத்தி வந்தது, பூ வந்தது. வெயிலில் நடந்து வந்தவர்கள் கும்பிட்டு முடித்து, உள்ளே எட்டிப் பார்த்து, "அட, உக்காரவெல்லாம் வசதி பண்ணிருக்காக" என்று ஸீட்டில் உட்கார்ந்தார்கள். ஒரு பெண் கயிற்றை இழுத்தாள். டிங்! பந்தலுக்குள்ளிருந்து ஆரோக்கியம்மாள் கையில் கத்திரிக்கோலோடு ஓடிவந்தாள். "காப்பியா ஒங்களுக்கு? காப்பியா?"

"பூசைக்கு அடிச்சேன்த்தா" என்றாள் அந்தப் பெண், பயந்துபோய்.

ஆரோக்கியம்மாள் கத்திரிக்கோலை முந்தானைக்குள் மறைத்து, அனிச்சையாக ஒரு சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு கணவரைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "எந்திரிச்சுப் போங்கன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நீங்க சொல்லுங்க" என்றாள்.

அவராலும் முடியவில்லை. பெண்கள் வந்தால் ஸீட்டை விடுவதைத் தவிர வேறு எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. ஐந்து நாள் வாசலில் நின்றார். கேனை எடுத்து ஒளித்துவைத்துப் பார்த்தார். காலி மாடத்துக்கு இரண்டு மாலை அதிகமாக விழுந்தது.

ஆறாம் நாள் பங்குச் சாமியாரிடம் போய் நின்றார். ரெக்ஸ் சாமி சின்ன வயசுக்காரர், புல்லட் வைத்திருப்பவர். "சாமி, நீங்க ஒரு எட்டு வந்து, இது கோயில் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

புல்லட் வந்து நின்றதுதான் தாமதம். "சாமி மந்திரிக்க வந்துட்டாக!" என்று கூட்டம் குலவை போட்டது.

ரெக்ஸ் சாமி சுவரைப் பார்த்தார், மாடத்தைப் பார்த்தார். சிரிப்பை அடக்குவதற்காகச் சட்டென்று உள்ளே போய்விட்டார். "இருதயம், நான் வந்ததே தப்பாப் போச்சு. கெபியத் தூக்கிட்டு வந்து ரோட்டுல வச்சா கும்பிடாம என்ன செய்வாக? மொதல்ல கோயில்ல அடிக்காத கலரா பாத்து அடிங்க." சொல்லிக்கொண்டே ஸீட்டில் உட்கார்ந்தவர், "ஸீட்டு ரொம்ப நல்லாருக்கே" என்று சாய்ந்தார். இருபது நிமிஷம் கழித்துத்தான் எழுந்தார். அதுவரை இருதயம் வாசலில் நின்று, யாரும் மணியடிக்காமல் பார்த்துக்கொண்டார்.

"இந்தவாட்டியாவது கடையில போயி வாங்குங்க" என்று சொல்லித்தான் ஆரோக்கியம்மாள் அனுப்பினாள். ஆனால் கடைக்குப் போகிற வழியில் சங்கிலியின் பட்டறை இருந்தது. பட்டறையில் ஒரு வண்டிக்கு அடித்து மிஞ்சிய சிவப்பும் மஞ்சளும் இருந்தன. விஷயத்தைக் கேட்ட சங்கிலிக்குக் குஷி வந்துவிட்டது. தானே கிளம்பி வந்து சுவரையும் மாடத்தையும் சிவப்பில் முக்கி எடுத்து, நடுவே மஞ்சளில் அலையலையாகப் பட்டை இழுத்தார். பின்சுவரில் 'ஒலி எழுப்பவும்' என்றும் எழுதினார். கைப்பழக்கம்.

கும்பிட வரும் கூட்டம் நின்றுபோயிற்று. ஒரு நாள், ஒரே ஒரு நாள், இருதயம் நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் விழித்தபோது அவருடைய கால்மாட்டில் ஒரு ஆள், கை ஓரத்தில் ஒரு சாக்கு, வாசலில் நாலு பேர். ரோட்டில் பஸ் ஒன்று வந்து நின்றது. ஓட்டிவந்த நல்லகண்ணு பழைய கூட்டாளி. "யண்ணே, சிவப்பும் மஞ்சளும் கண்ணுல பட்டதும் கால் தன்னால பிரேக்குக்குப் போயிருச்சுண்ணே! பஸ் நிழற்குடைன்னு நெனச்சேன்."

"இல்லன்னு தெரிஞ்சிருச்சில்ல, அப்பறம் எதுக்குடா நிக்கிற? எடு வண்டிய!"

"நாலு பேரு ஏறிட்டாகளே!"

மறுநாள் எட்டுப் பேர் ஏறினார்கள். வாரக் கடைசிக்குள் அது ஸ்டாப்பாகிவிட்டது. இருதயம் மறுபடியும் வாசலில் நின்றார்.

"அடுத்து என்ன கலரு? சுடுகாட்டுக் கலரா?" என்றாள் ஆரோக்கியம்மாள். அவர் மூஞ்சியைப் பார்த்துக் கொஞ்சம் இறங்கி வந்தாள். "விடுங்க. மாதாவக் கும்பிட வந்தவுகளுக்கு நேரங்காலம் இல்ல. இவுக பஸ்ஸுக்குத்தான வந்து உக்காருறாக."

இருதயம் சட்டென்று நிமிர்ந்தார். பஸ்ஸுக்கு நேரம் உண்டு. அதை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ரோட்டில் யார்? மிச்சமிருந்த வெள்ளை பெயிண்டை எடுத்து, மாடத்துக்குப் பக்கத்தில் அவருடைய டிக்கெட் கையெழுத்தில் வண்டி நேரமெல்லாம் எழுதினார். கடைசியாக, தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி: 'மதியம் 1.35 விட்டால் 3.10தான்.'

பஞ்சாயத்து செய்யாததைக் கண்டக்டர் செய்துவிட்டார் என்று ஊரே மெச்சியது. அதன்பிறகு எல்லாரும் அடித்துப் பிடித்து 1.35க்கே வந்து ஏறினார்கள். இருதயம் வாசலில் நின்று ஒவ்வொருவராக ஏற்றிவிட்டு, கயிற்றை இரண்டு தரம் இழுத்து, "போலாம் ரைட்!" என்பார். வண்டி வளைவில் மறையும்வரை பார்ப்பார். ரோடு காலி. ஸீட் காலி. காலை நீட்டுவார்.

மூன்று அடிக்கும்போது சோணையம்மாள் முதல் ஆளாக வந்து, சிவப்பு மாடத்தில் ஒரு கிள்ளு மல்லிகையை வைப்பாள். அதை மட்டும் அவர் ஒன்றும் சொல்வதில்லை.

"கண்டக்டரே, மணி மூணு."

அவர் கண்ணைத் திறக்காமலே எழுந்து ஸீட்டை விட்டுக் கொடுப்பார். "படியில நிக்காதீக. உள்ள போங்க, உள்ள போங்க."