பாறசாலைக்கு அப்பால், பெயர் சொல்லாத ஒரு வீடு

ஞாயிறு காலை 7.50. நாகர்கோவில் வடசேரியில் களியக்காவிளை பஸ் ஏறினேன். டிக்கெட் முப்பத்தாறு ரூபாய். தூரம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர். ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஜன்னல் மூட வரவில்லை, மழை பெய்தது. என் பயணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். மார்த்தாண்டம் வந்தபோது வலது தோள் நனைந்து, இடது தோள் காய்ந்து, பாதி ஞானஸ்நானம் பெற்றவனைப்போல உட்கார்ந்திருந்தேன்.

போகிற காரணத்தைச் சொல்லவேண்டும். கண் ஆஸ்பத்திரியில் சொட்டுமருந்து விட்டுக் காத்திருந்த நாளில் பக்கத்து நாற்காலிக்காரருடன் பழக்கமானது. இருவருக்குமே மற்றவர் முகம் சரியாகத் தெரியாததால் நட்பு சீக்கிரம் வளர்ந்தது. அவர் பஹாய் சமயத்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈரானில் பிறந்த சமயம் அது. பிறந்த நாட்டிலேயே இன்றுவரை அதற்கு இடமில்லை. அவர்களுடைய ஆண்டில் பத்தொன்பது மாதங்கள், மாதத்துக்குப் பத்தொன்பது நாட்கள். "பத்தொம்பது நாளைக்கு ஒருக்க எங்களுக்கு விருந்து உண்டு. ஒரு நாள் வாரும்" என்றார். விருந்து என்ற சொல்லுக்கு மேல் நான் ஒன்றும் விசாரிக்கவில்லை.

அவருக்குப் பொன்னையன் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைக்குப் பெயர் வைக்கக்கூட என்னை யாரும் கூப்பிட்டதில்லை. இங்கே ஒரு வீட்டுக்கே வைக்கவேண்டி வந்தது. காரணம் பின்னால் தெரியும்.

9.25, களியக்காவிளை. எல்லையைத் தாண்டி ஒரு ஆட்டோ பிடித்தேன். பாறசாலை நான்கு கிலோமீட்டர், எழுபது ரூபாய். அதற்கு அப்பால் எத்தனை கிலோமீட்டர், எந்தத் திருப்பம் என்பதை எழுதமாட்டேன். காரக்கோணம் பக்கமோ, திருப்புறம் பக்கமோ, அதியன்னூரோ, எங்கேயோ ஒரு மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டத்துக்குப் பக்கத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடத்தில் துல்லியம் எதிர்பார்க்கும் வாசகர்கள் மன்னிக்கவும்.

ஓட்டுநருக்கு அந்த வீடு தெரிந்திருந்தது.

"ஆளு நிக்காத எலெக்ஷன் நடத்துத கூட்டமாக்கும் அது" என்றார்.

"அதென்ன எலெக்ஷன்?"

"வருஷத்துக்கு ஒருக்க ஒம்பது பேரத் தெரிஞ்செடுப்பாவ. வேட்பாளர் கெடையாது. போஸ்டர் கெடையாது. ஓட்டு கேக்கவும் படாது. ஆளாளுக்கு மனசில பட்ட ஒம்பது பேரு எழுதிப் போடணும். கேரளத்தில இருந்துகிட்டு செய்யுத வேலையா சாரே இது?" அவர் குரலில் உண்மையான வருத்தம். "மூணு கட்சிக்கும் மைக்கு கெட்டி ஓடுன வண்டியாக்கும் இது. அவங்ககிட்ட இருந்து அஞ்சு பைசா வருமானம் இல்ல."

10.10, வீடு. வாசலில் நின்ற அம்மாளைக் கண்டதும் தயாரானேன். பொன்னையன் மனைவி ஈரானில் பிறந்தவர் என்று கேள்விப்பட்டு, பாரசீகத்தில் ஒரு வணக்கத்தைக் கைப்பேசி வழியாக மூன்று நாள் மனப்பாடம் செய்திருந்தேன். நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணா, நல்லா நனஞ்சாச்சே. உள்ள வாங்க. ஏங்க, இஞ்ச ஒரு தோர்த்து கொண்டாருங்க, இவரு தலை தொவட்டட்டு." பிறகு தணிந்த குரலில், "இப்பம் என்னமோ சொன்னியளே, அது எந்த ஊரு பாஷை?"

துண்டு வந்தது. முகத்தையும் சேர்த்து மூடிக்கொள்ள வசதியாக இருந்தது.

அவரை அக்கா என்றே எழுதுகிறேன். பதினெட்டு வயதில் புனேக்குப் படிக்க வந்தவர். சொந்த ஊரில் பஹாய் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு அடைபட்டுப்போனதால் வந்தவர். அங்கே பொன்னையனைச் சந்தித்து, கல்யாணம் முடித்து, இந்த மண்ணுக்கு வந்து முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. திரும்பிப் போகவே இல்லை.

10.40. முன்னறையில் நாங்கள் பன்னிரண்டு பேர். சிலர் பழைய மிஷன் சபைக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், சிலர் கோயில் குடும்பங்களிலிருந்து. பாதிரியாரும் இல்லை, பூசாரியும் இல்லை. புத்தகம் கை மாறியது; யாருக்கு வாசிக்கத் தோன்றியதோ அவர் வாசித்தார். ஒரு பிரார்த்தனை தமிழில், ஒன்று மலையாளத்தில். அக்கா பாரசீகத்தில் ஒன்று பாடினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் நடுவில் ஒரு இடத்தில் அவர் குரல் நின்று மறுபடி தொடங்கியது. அது எல்லோருக்கும் விளங்கியது.

பிரார்த்தனை முடிந்தது. அடுத்து ஒன்றும் தொடங்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி ஒரு பாட்டு. மறுபடி அமைதி. மீன்குழம்பு மணத்தது. விருந்தாளிக்கு மரியாதையாகக் காத்திருக்கிறார்கள், நான்தான் எழுந்து சாப்பாட்டைத் தொடங்கிவைக்க வேண்டும்போல என்று நினைத்து, சட்டையின் முழுக்கையைச் சுருட்டினேன்.

தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் லலிதா, இதுவும் நான் வைத்த பெயர், கடைசியில் வாய் திறந்தார். "சாரே, தப்பா எடுக்கப்படாது. எங்க விருந்துக்கு மூணு பாகம் உண்டு. முதல்ல ஜெபம். கடைசியில சாப்பாடு. எடையில, எங்க காரியங்கள நாங்க கூடிப் பேசுதது. வெளி ஆளு இருந்தா முக்கியமானத தள்ளி வைப்போம். ஆனா இன்னைக்கு உள்ளத தள்ள முடியாது."

"ஏன்?"

"அது உங்களப் பத்தின காரியமாக்கும்."

சுருட்டிய கையை இறக்கிவிட்டேன். "அரை மணிக்கூறு, முக்குல ஒரு சாயக்கடை உண்டு" என்றார் லலிதா. "பழம்பொரி நல்லாயிருக்கும்."

11.20, சாயக்கடை. சாயா பன்னிரண்டு ரூபாய், பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜியும் பன்னிரண்டு. கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "வெளிய விட்டாவளா?" என்றார். எனக்கு முன்பும் ஆட்கள் இப்படி அனுப்பப்பட்டிருக்கிறார்கள்போல.

"எப்படிப்பட்ட ஆட்கள் அவர்கள்?" என்று கேட்டேன்.

"நல்ல மனுஷங்க. குடி கெடையாது. ஒருத்தனப் பத்தி ஒரு குத்தம் பேசமாட்டாவ, வேதத்தில வெலக்கு உண்டாம். ஒரு சாயக்கடைக்கு அத விட நஷ்டம் உண்டுமா?" அடுப்பைக் குறைத்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார். "அந்த அக்காளுக்கு ஒரு தங்கச்சி உண்டு, அங்க. ஞாயித்துக்கெழம அஞ்சு மணிக்கு அவ போனில விளிப்பா. அங்க அப்பம் மூணு மணி. இந்த அக்கா கடைசாமானம் வாங்க வந்தாலும் நாலரைக்குத் திரும்பி ஓடிரும். இப்பம் நாலு வாரமா ஓட்டமில்ல."

அதைக் கேட்டபிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. காலையில் எல்லோரையும் நிறுத்தி எடுத்த படம் கைப்பேசியில் இருந்தது, நடுவில் அக்கா. 'பாறசாலையில் ஈரான் சகோதரி கையால் தேநீர்' என்று எழுதி வாட்ஸப் ஸ்டேட்டஸில் போட்டேன். பயணக் கட்டுரை எழுதுகிறவனுக்குக் கை அரிப்பது ஒரு நோய். தேநீரைக்கூட அவர் இன்னும் தரவில்லை.

12.05. உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா என் எதிரில் உட்கார்ந்தார்.

"அண்ணா, எனக்க தங்கச்சி ஒரு டீச்சர். நம்ம பிள்ளைகள அங்க ஒரு காலேஜிலயும் எடுக்கமாட்டாங்க. அதுனால வீட்டுல வெச்சுப் படிப்பிப்பா. பிள்ளைங்க சேந்து வராது. ஒண்ணு வரும், கால் மணிக்கூறு கழிச்சு ஒண்ணு. செருப்ப வெளிய போடாது. கையில எடுத்துட்டு உள்ள வரும். வாசல்ல பத்து ஜோடி கெடந்தா போலீசுக்காரன் ஆளு எண்ணிருவானே."

போன வருடம் தங்கச்சி வீட்டைச் சோதனை போட்டார்கள். புத்தகங்களை, கணினியை, அம்மாவின் கல்யாணப் படத்தை எடுத்துப் போனார்கள். கைதாகி, இப்போது ஜாமீனில் வந்திருக்கிறாள். தீர்ப்பு எந்த நாளும் வரலாம். நாலு வாரமாகச் சத்தமில்லை. போனை எடுத்துவிட்டார்களா, ஆளையே எடுத்துவிட்டார்களா, தெரியாது. அவர்கள் குடும்பத்தில் இது புதிதல்ல. அப்பாவின் கடைக்கு முத்திரை வைத்தார்கள். தாத்தாவைப் புதைத்த இடத்தை இயந்திரம் விட்டு உழுதார்கள். ஏமனிலும் சிறையில் கிடந்த உறவுக்காரர்கள் உண்டென்றார். வேறொரு நாட்டில் பலகாலம் அடையாள அட்டையே மறுத்து, கடைசியில் சமயம் எழுதும் கட்டத்தில் வெறும் கோடு போட்டுக் கொடுத்தார்களாம். "கோடு கிட்டினதுக்கே அவங்க சந்தோஷப்பட்டாங்க அண்ணா."

இன்று அவர்கள் பேசியது இதுதான்: இதை எனக்குச் சொல்வதா, வேண்டாமா? வெளியே தெரிந்தால் சில பேரைத் தொட அங்குள்ள அதிகாரிகள் பயப்படுவார்கள். சில பேரை, தெரிந்த காரணத்துக்காகவே அமுக்குவார்கள். இவளுக்கு எது நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. தங்கச்சியின் பெயர், படம், ஊர் எல்லாம் போட்டு எழுதவேண்டும் என்பது அக்காவின் எண்ணம். "பேரில்லாம எழுதினா அது யாருக்க தங்கச்சி?" என்று கேட்டிருக்கிறார். ஒரு வரிகூட எழுதக்கூடாது என்பது பொன்னையன் கட்சி. ஒரு மணி நேரத்துக்குப் பக்கமாகப் பேசி, எழுதலாம், ஆனால் ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று முடிந்திருக்கிறது.

"உமக்குச் சம்மதமா?" என்று பொன்னையனைக் கேட்டேன்.

"நான் சொன்னது சொன்னேன். அத நடுவில வெச்ச பெறகு அது எனக்கது இல்ல. இப்பம் தீர்மானம்தான் எனக்கது" என்றார். பிறகு எழுந்துபோய் எனக்கு ஒரு நல்ல பேனா கொண்டுவந்தார். என் வீட்டில் டீவி வாங்கும் விஷயத்தில் நான் தோற்றுப் பதினோரு வருடமாகிறது. இன்றும் ரிமோட்டைத் தேடிக்கொடுப்பதில்லை.

"அதனால படம் மட்டும் வேண்டாம் கேட்டியளா" என்றார் லலிதா.

கைப்பேசியை எடுத்தேன். நாற்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள். சொன்னேன்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அக்கா சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். "என் மொகம் தெரிஞ்சா, அவ மொகம் தெரிஞ்ச மாதிரி. ரெண்டு பேரும் ஒரே அச்சு" என்றார். அவ்வளவுதான்.

அழித்தேன். ஆனால் ஷார்ஜாவிலிருக்கும் என் மைத்துனன் அதை எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டிருந்தான். எண்பத்தாறு உறுப்பினர்கள். அங்கேயே நின்று அவனைக் கூப்பிட்டேன்.

"அத்தான், நல்ல படமாச்சே. எதுக்கு அழிக்கணும்?"

காரணம் சொல்ல முடியாது. "அதுல நான் குண்டா இருக்கேன் மக்கா" என்றேன்.

"எல்லாப் படத்திலயும் அப்பிடித்தானே?"

"இதுல ரொம்ப."

அழித்தான். லலிதா முதலில் சிரித்தார், பிறகு மற்றவர்கள். அக்கா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து தேநீர் கொண்டுவந்து என் கையில் தந்தார். கண்ணாடி டம்ளர், பால் இல்லை, ஏலக்காய் மணம். இதைவிடக் கனமான ஒரு டம்ளரை நான் பிடித்ததில்லை.

1.30க்குச் சாப்பாடு. மரச்சீனியும் மீன்குழம்பும். நான் குறைவாகச் சாப்பிட்டேன் என்பதை என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள்.

2.45. அவர் சொல்லச்சொல்ல நான் எழுதிய குறிப்பேட்டைக் கேட்டார் அக்கா. தமிழ் எழுத்தை நாகர்கோவில் பஸ் போர்டுகளைப் பார்த்துப் படித்தவர். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தார். தங்கச்சியின் பெயரை அடித்தார். ஊரை அடித்தார். என்ன பாடம் என்பதை அடித்தார். எத்தனை பிள்ளைகள், எந்த நாள், எத்தனை மாடி, ஜன்னல் எந்தத் தெருவைப் பார்த்திருக்கிறது, எல்லாவற்றையும் பொன்னையன் பேனாவால் அடித்தார். மேலே எழுதியிருக்கிற வாசல் செருப்பை மட்டும் வெகுநேரம் பார்த்துவிட்டு விட்டுவைத்தார். "இது எல்லா வீட்லயும் உண்டு" என்றார்.

மூன்று பக்கத்தில் மிஞ்சியது கால் பக்கம். விவரம் சேர்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். எத்தனையோ ஊர்களில் பார்க்காததையும் பார்த்ததாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன். ஒருத்தி உயிரோடு இருக்கவேண்டும் என்பதற்காக உள்ளதைக் குறைத்து எழுதுவது இதுவே முதல் தடவை.

"இத வாசிக்க ஆளு உண்டுமா அண்ணா?"

"கொஞ்சம் பேர் உண்டு."

"போதும். அவங்ககிட்ட சொல்லுங்க, அவ ஒரு தப்பும் செய்யல்ல. பாடம் எடுத்தா."

அந்த வரியை அவர் அடிக்கவில்லை. அதனால் அதை அப்படியே இங்கே எழுதுகிறேன்.

5.00 மணிக்கு நான் இன்னும் அங்கே இருந்தேன். அக்காவின் கைப்பேசி மேசைமேல் இருந்தது. எல்லோரும் வேறு எதையோ பேசிக்கொண்டு அதையே பார்த்தார்கள். 5.20க்கு நான் எழுந்தேன். அது அடிக்கவில்லை. "போயிட்டு வாறேன்" என்றேன். பொன்னையன் ரோடுவரை வந்தார். போனில் எதையும் விசாரிக்கவேண்டாம் என்றார். செய்தி இருந்தால் அவரே நாகர்கோவிலுக்கு வந்து சொல்வாராம்.

பாறசாலை ரயில் நிலையம், மாலை பாசஞ்சர், நாகர்கோவிலுக்குப் பத்து ரூபாய். பெட்டியில் நுழைவுத்தேர்வு வகுப்பு முடிந்து திரும்பும் ஏழெட்டுப் பிள்ளைகள். படிக்கும் காலத்தில் நான் வகுப்பிலிருந்து தப்ப மதில் ஏறிக் குதித்து, மேட்னிக்குப் போய், முழங்காலில் இன்றும் இருக்கும் தழும்பைச் சம்பாதித்தவன். உள்ளே வராதே என்று என்னிடம் எந்தக் கல்லூரியும் சொன்னதில்லை. அந்தப் பிள்ளைகளும் படிப்பைச் சபித்துக்கொண்டிருந்தார்கள். பிசிக்ஸ் சார் அறுவை, அவர் பெயர் இன்னது, அவர் வீடு இந்தச் சர்ச்சுக்குப் பின்னால், பேட்சில் நூற்றிருபது பேர் என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினார்கள். வழக்கமாக இந்தச் சத்தத்துக்கு நான் இரண்டு வார்த்தை சொல்லியிருப்பேன்.

குழித்துறையில் அவர்களில் ஒரு பெண் இறங்கினாள். ரயில் கிளம்பியபிறகும் பிளாட்பாரத்தில் கூடவே ஓடிவந்து ஜன்னலைத் தட்டினாள். "எட்டி, மறந்திராத! நாளைக்குக் காலம்பற ஏழு மணி, சார் வீட்டு மாடி!"

அவளுடைய செருப்புச் சத்தம் பிளாட்பாரம் முடியும்வரை கேட்டது.