டீச்சரின் கறிப்பங்கு

ஆறு வயதில் எனக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. கரைவலைக் கயிற்றில் கை வைக்க வேண்டும். எங்கள் கடற்கரை ஊரான உடப்பில் பிறந்த பிள்ளைக்கு இது பெரிய ஆசையே இல்லை. வள்ளம் கடலில் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். இரண்டு பக்கக் கயிற்றையும் ஆட்கள் கரையில் நின்று இழுப்பார்கள். மீனில் பாதி, வலையின் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு, மீதி இழுத்தவர்களுக்கு என்ற கணக்கெல்லாம் பெரியவர்கள் பாடு. எங்களுக்குத் தெரிந்தது கறிப்பங்கு. கயிற்றில் கை வைத்தவர் யாராக இருந்தாலும் கறிக்கு மீன் இல்லாமல் வீட்டுக்குப் போகக்கூடாது. என் அண்ணன் கயிற்றின் கடைசியில் சும்மா தொங்கிவிட்டு, நாலு சூடை மீனை ஈர்க்கில் கோத்துக்கொண்டு, குடும்பத்தையே தான்தான் காப்பாற்றுகிறவன் போல வீட்டுக்குள் நுழைவான். எனக்கு வயிறு எரியும்.

நானும் வருகிறேன் என்று அப்பாவிடம் கேட்டேன். "முதல்ல பள்ளிக்கூடத்தில ஒரு ஸ்டார் வாங்கிட்டு வா. பிறகு கயிறு" என்றார். பெண்பிள்ளை என்பதற்காக அப்படிச் சொல்லவில்லை. கயிறு பிடித்த பிள்ளை புத்தகத்தையும் கொப்பியையும் கைவிட்டுவிடும் என்று அவருக்குப் பயம். அதற்கு அண்ணன் கண்முன்னே சாட்சியாக இருந்தான்.

ஸ்டார் என்பது எங்கள் முதலாம் ஆண்டு டீச்சரின் கைப்பையில் இருந்த தங்க நிற ஸ்டிக்கர். டீச்சர் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் வேலையாக எங்கள் ஊருக்கு வந்திருந்தார். என் மாமி வீட்டில் ஒரு அறையில் தங்கியிருந்தார். அவர் "பிள்ளையள், இருங்கோ" என்றால் நாங்கள் சிரிப்போம். நாங்கள் கதைத்தால் அவர் சிரிப்பார். அந்த மட்டில் ஒற்றுமைதான். ஆனால் அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. ஒருவருக்கு ஒருவர் சொல்லிக் கொடுக்கக்கூடாது. கொப்பியைக் கையால் மறைத்துக்கொண்டு, அவரவர் வேலையை அவரவரே செய்ய வேண்டும். எங்கள் கடற்கரையில் யாராவது இப்படி ஒரு சட்டம் போட்டிருந்தால், வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நிழலில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருப்பார்கள். நாங்கள் டீச்சருக்கு மரியாதையாகக் கொப்பியைக் கையால் மறைத்தோம். பிறகு விரல்களை விரித்துப் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டினோம்.

டீச்சரைப் பற்றி எங்களுக்கு இன்னொரு கவலையும் இருந்தது. இடைவேளையில் அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும்போது எட்டிப் பார்ப்போம். பருப்பு. மறுநாள் பூசணிக்காய். அடுத்த நாள் திரும்பவும் பருப்பு, ஓரத்தில் ஒரு பொரித்த மிளகாய். கோவிலில் கொடியேறினால் ஊரே மீனைத் தொடாது, அது எங்களுக்குத் தெரியும். ஆனால் கொடியும் ஏறவில்லை, விரதமும் இல்லை. எங்கள் வகுப்பில் எந்தப் பிள்ளையின் பெட்டியிலும் ஒரு மீன் துண்டாவது கிடக்கும். டீச்சரின் பெட்டியில் ஒரு முள்கூட இல்லை. அவருக்காகக் கயிறு இழுக்க ஆளில்லை, பாவம், மீனுக்கு வழியில்லாதவர் என்று வகுப்பு முழுவதும் சேர்ந்து முடிவு செய்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் படங்களுக்குக் கீழே பெயர் எழுதச் சொன்னார். முதலில் சரியாக எழுதி முடிப்பவருக்கு ஸ்டார். நான் அவசரத்தில் அழுத்தியதில் பென்சில் முறிந்தது. பக்கத்தில் இருந்த மதுஷா தன் பென்சிலைத் தந்தாள். அவள் சம்மாட்டியின் மகள். அவளுடைய பென்சில் பெட்டி மாடி வைத்தது. நாலாவது படத்தில் நான் முழித்தபோது பின்னால் இருந்த குகன் காதுக்குள் சொன்னான். பிழையாக எழுதியதை அழிக்க முன் மேசையிலிருந்து அழிறப்பர் வந்தது. இத்தனை பேர் இழுத்து என் கொப்பி முதலில் கரை சேர்ந்தது. டீச்சர் ஸ்டாரை ஒட்டி, தன் சொந்த முயற்சியால் வென்ற பிள்ளை என்று என்னைத் தூக்கிக் காட்டி, எல்லோரையும் கைதட்டச் சொன்னார். எல்லோரும் தட்டினார்கள். தட்டிக்கொண்டே என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

இடைவேளை மணி அடித்து டீச்சர் வெளியே போனதும் மதுஷா கையை நீட்டினாள். "எங்க என்ட பங்கு?"

நான் கொப்பியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். முழு ஸ்டாரையும் வீட்டுக்குக் கொண்டுபோனால்தான் கயிறு. இதை எப்படி விளக்குவது? விளக்கியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. பென்சில் தன்னுடையதாம், பென்சில்தான் வலையாம், ஆகவே பாதி தனக்காம். குகன், காதுக்குள் சொன்னவனுக்குப் பங்கில்லையா என்று கேட்டான். அழிறப்பர்க்காரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு வரிசையில் நின்றாள். எதுவுமே செய்யாத ஒருவன், தான் கைதட்டியதைச் சொன்னான். கடைசியில் மதுஷா தன் பெரிய அஸ்திரத்தை எடுத்தாள். "பங்கு தராட்டி உங்கட அப்பாவ வலையில சேர்க்க வேணாம் எண்டு அப்பாக்கிட்டச் சொல்லுவன்." நான் உடனே எழும்பிவிட்டேன். அப்பாவுக்கே கயிறு இல்லாமல் போனால் எனக்கு எங்கிருந்து வரும்?

ஸ்டாரைக் கொப்பித் தாளோடு சேர்த்து வெட்டினோம். கத்தரிக்கோலும் மதுஷாவுடையதுதான். அதற்கும் ஒரு பங்கு கேட்டாள், வகுப்பே கத்தி அவளை அடக்கியது. முதல் துண்டு சுவரில் இருந்த பிள்ளையார் படத்துக்கு. பாதி மதுஷாவுக்கு. காய்ச்சல் என்று அன்று வராத பிள்ளைக்கு ஒன்று எடுத்து வைத்தோம். வருத்தக்காரனின் பங்கை வீட்டுக்கு அனுப்பாவிட்டால் அது என்ன ஊர்? மீதியைப் பொடிப்பொடியாக வெட்டிச் சோற்றுப் பருக்கையால் ஒட்டிக்கொண்டோம். பெண்பிள்ளைகளுக்கு நெற்றியில், ஆண்பிள்ளைகளுக்குச் சட்டைப் பையில். எனக்கு மிஞ்சியது ஒரு முனை மட்டும்.

டீச்சர் திரும்பி வந்தபோது வகுப்பே மினுங்கிக்கொண்டு இருந்தது. என்ன இது என்று கேட்டார். எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கினோம். வலை, பென்சில், சம்மாட்டி, பிள்ளையார், காய்ச்சல். டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டார். அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று எங்களுக்குப் பயம் வந்துவிட்டது. ஸ்டார் கொண்டு வந்தவரையே மறந்துபோனோமே என்று பதறி, மதுஷா தன் பாதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி அவரிடம் நீட்டினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கி, பொட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு மாமி வீட்டுக்கு நடந்து போகும்போதும் அது நெற்றியில்தான் இருந்தது.

என் பாடுதான் திண்டாட்டம். அன்று பின்னேரம் அப்பாவின் முன்னால் அந்த முனையை நீட்டியபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மிச்சம் எங்க?"

பங்கு போட்டாயிற்று என்றேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா சிரிக்கவில்லை. யார் யாருக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கோவில் பங்கு எடுத்தீர்களா, வராத பிள்ளைக்கு வைத்தீர்களா என்று கேட்டார். சம்மாட்டியின் மகள் பாதி கேட்டது நியாயம்தான் என்று தீர்ப்புச் சொன்னார். கடைசியில், "நாளைக்கு வெள்ளென எழும்பு" என்றார். என் காதையே என்னால் நம்ப முடியவில்லை. அப்பா பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் ஸ்டார் வாங்கியதில்லை, அதனால் முழு ஸ்டார் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியவில்லை, நான் தப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை கயிறு என் கைக்கு வந்தது. ஈரமாக, தடிப்பாக, உள்ளங்கையை அறுத்தது. அதைப் போல ஒரு சந்தோசம் எனக்குப் பிறகு கல்யாணத்தன்றுகூட வரவில்லை. வேடிக்கை பார்க்க டீச்சரும் மாமியோடு குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். வகுப்பில் பாதிப் பேர் அங்கே நின்றோம். மீனுக்கு வழியில்லாத டீச்சருக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? ஓடிப்போய்க் குடையைப் பிடுங்கி, கையைப் பிடித்து இழுத்து வந்து கயிற்றில் வைத்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வலை இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டுக்கு இழுக்கவும் செய்தார். பாட்டு ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார்.

வலை கரைக்கு வந்தது. கறிப்பங்கு போடும்போது அப்பா டீச்சருக்கென்று ஒரு பாரை மீனைத் தேடி எடுத்துப் பையில் போட்டு நீட்டினார். டீச்சர் பின்னால் ஒரு அடி வைத்தார். மாமி என்னவோ சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் மீன் பையை வாங்கிக்கொண்டார். அதை உடம்பில் படாமல் தூரப் பிடித்தபடி நடந்து போனார். அவருக்குக் கூச்சம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வகுப்புத் தொடங்கும் முன்னமே, கறி எப்படி என்று கேட்டோம்.

"ஓம், நல்ல ருசி" என்றார்.

தலையை யார் சாப்பிட்டது என்று மதுஷா விசாரித்தாள். டீச்சர் கொஞ்சம் யோசித்து, மாமிக்குக் கொடுத்ததாகச் சொன்னார். எங்களுக்கு மனது நிறைந்துவிட்டது. அன்றிலிருந்து கொப்பியைக் கையால் மறைக்கும் சட்டமும் போய்விட்டது. மேசைக்கு ஒரு ஸ்டார் தந்தார், நாங்கள் வெட்டிக்கொண்டோம். கரைவலைப் பருவம் முடியும்வரை சனிக்கிழமைகளில் அவரைக் கயிற்றுக்கு இழுத்து வந்தோம். ஒரு நாளும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. அவருடைய பெட்டியில் பருப்புத்தான் இருந்தது. மீனை வீட்டிலேயே சாப்பிட்டு முடித்துவிடுகிறார் போலும், பாவம், அவ்வளவு பசி. அந்த மாதங்களில் மாமியின் பூனை உருண்டு திரண்டு நடக்கமுடியாமல் போனது. குட்டி போடப் போகிறதா என்று மாமியிடம் கேட்டேன். போடும், போடும் என்றார். போடவே இல்லை. ஊரில் எந்தச் செய்தியும் மாமியின் வாயில் ஒரு பொழுது தங்காது. இந்த ஒன்று மட்டும் தங்கியது.

நாங்கள் ஐந்தாம் ஆண்டு முடிக்கும்போது டீச்சர் இடமாற்றம் கிடைத்துத் தன் ஊருக்கே போய்விட்டார். போன வருடம் யாழ்ப்பாணம் போகும் வேலை வந்தபோது, போனில் வழி கேட்டுக் கேட்டு அவர் வீட்டைக் கண்டுபிடித்தேன். வெறுங்கையோடு போவேனா? கட்டாக் கருவாட்டில் முதல் தரமாகப் பார்த்து வாங்கி, மூன்று பைக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை.

படலையைத் திறந்தவர் டீச்சரின் அம்மா. என்னை வரவேற்கச் சிரித்த முகம் பாதியில் நின்றது. சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு பின்னால் போனார்.

"என்ன பிள்ளை கொண்டு வந்தனீர்? இந்த வீட்டில பரம்பரையா மீன், மச்சம் ஒண்டும் புழங்கிறேல்ல. என்ர மகள் பிறந்ததில இருந்து வாயில வச்சதில்லை."

பருப்பும் பூசணிக்காயும், நல்ல ருசி என்று சொன்ன வாயும், மாமியின் பூனையும் ஒன்றன்பின் ஒன்றாக என் முன்னால் வந்து நின்றன. வீட்டு வளவைச் சுற்றிப் பார்த்தேன். அங்கே பூனைகூட இல்லை. பையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தேன். அதற்குள் டீச்சர் தலை நரைத்து, அதே சிரிப்போடு வெளியே வந்துவிட்டார்.

"கொண்டா பிள்ளை. அது என்ர பங்கெல்லோ" என்றார்.

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். உடம்பில் படாமல் தூரப் பிடித்தபடி, என்னை உள்ளே வரச் சொல்லி முன்னால் நடந்தார்.