கிணற்றுக்கு நாக்கு வைத்தவர்

கொழும்பு வெள்ளவத்தையில் கடலோரமாக இருந்த எங்கள் ஒழுங்கையில், கிணற்றை அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு ஏறிவிடும். அதனால் காலையில் முன்வீட்டு மாமி ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொன்ன பிறகுதான் மோட்டார் போடுவோம். பிரஷருக்காக உப்பில்லாமல் சாப்பிடுபவர். அவர் நாக்குக்கு எதுவும் தப்பாது.

யுத்த காலத்துச் சுற்றிவளைப்பு ஒன்றில் அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே என்று சொல்ல ஒரு பொலிசுக்கும் வாயில்லை. அதற்குப் பிறகும் மாமி கிணற்றடிக்கு வந்தார். "நல்ல தண்ணிதான், போடுங்கோ" என்று தினமும் அதையே சொன்னார். மோட்டார் ஓடியது, தண்ணீர் கரித்தது. வேறு ஆளைக் குடித்துப் பார்க்கச் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை.

ஒரு நாள் எனக்குத் தேத்தண்ணி தந்தார்.

"உப்புக் கரிக்குதோ, பிள்ளை? எனக்கு இப்ப ஒரு ருசியும் தெரியுதில்லை."

"இல்லை மாமி" என்று முழுவதையும் குடித்தேன்.