காத்தாடிப் பையனும் கறுப்புத் திரையும்

கருவடிக்குப்பத்தில் எங்கள் தெருவில் மாலை ஐந்து மணிக்கு வீட்டில் இருக்கக்கூடிய ஆண்கள் இரண்டு பேர்தான். ஒருவர் கோடி வீட்டுச் சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிறவர். பகலெல்லாம் தூங்கினாலும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். இன்னொருவர் என் அப்பா. அவர் வேலை பார்த்த மில் நின்றுபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அம்மா சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்து, காலையில் கம்பெனி வேனில் போய் இருட்டிய பிறகுதான் வருவாள். ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எனக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா டீ போட்டுக் கொடுப்பார். ஐந்து மணிக்கு என்னோடு உட்கார்ந்து கார்ட்டூன் பார்ப்பார்.

அது ஜப்பான்காரர்கள் எடுத்த தொடர். தமிழில் பேசவைத்து, சின்னப் பிள்ளைகளுக்கான சேனல் ஒன்றில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரிய காத்தாடி ஒன்றின் மேல் படுத்துக்கொண்டு நாடு நாடாகப் பறக்கும் ஒரு பையன், காணாமல் போன தன் அக்காவைத் தேடுகிறான். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கோட்டைக் கதவு, ஒவ்வொரு கதவுக்கும் ஒரு சொல். ஒரு நாட்டில் கற்ற சொல் அடுத்த நாட்டில் செல்லாது. தட்டுத் தடுமாறி அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனால், உன் அக்கா நேற்றுத்தான் கிளம்பிப் போனாள் என்பார்கள். மறுபடியும் காத்தாடி. நான் ஒன்றாம் வகுப்பில் பார்க்க ஆரம்பித்தது. நான் வளர்ந்து இரண்டு முறை யூனிஃபார்ம் மாற்றித் தைத்தாயிற்று. அந்தப் பையனுக்கு வயதும் ஏறவில்லை, சட்டையும் கிழியவில்லை.

தொடர் முடிந்ததும் அப்பா டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு விமர்சனத்தை ஆரம்பிப்பார். புதுப்படம் பார்த்துவிட்டுத் தியேட்டர் வாசலில் நின்று பேசுகிறவர்களின் தோரணை அவருக்கு வந்துவிடும். இன்றைக்குச் சண்டை பரவாயில்லை, ஆனால் போன வாரக் கதையையே திருப்பிக் காட்டிப் பாதி நேரத்தை ஒப்பேற்றிவிட்டான் என்பார். பனி நாட்டுக் கதை வந்த மாதங்களில் படம் வரைகிறவரை மாற்றிவிட்டார்கள் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. பையனின் மூக்கைப் பார்த்துச் சொன்னார். ஒரு வில்லன் எதற்காகக் கெட்டவனாக இருக்கிறான் என்று காட்டவே இல்லை என்பதில் அவருக்கு ஒரு வாரம் வருத்தம் இருந்தது. நானும் பதிலுக்குப் பேசுவேன். வாதம் முற்றினால் உலை பொங்கி அடுப்பு அணைந்திருக்கும்.

வீட்டுக்குள் இருந்தவரை இதில் ஒரு தவறும் இல்லை. அப்பா இதை வெளியே கொண்டுபோக ஆரம்பித்தபோதுதான் எனக்கு வினை வந்தது. டீக்கடையில் பேசினார், ரேஷன் வரிசையில் பேசினார். ஒருநாள் பள்ளிக்கூட வாசலில், என் வகுப்புத் தோழியின் அப்பாவிடம், பேங்கில் வேலை பார்ப்பவர், தலையில் ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழற்றாதவர், அவரிடம் போய், நேற்றைய பகுதியில் அந்த ராணி செய்தது சரியா என்று கேட்டார். அவர் சிரித்துவைத்தார். மறுநாள் அந்தத் தோழி வகுப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒங்க அப்பா கார்ட்டூன் பாக்குறாராமே?" என்றாள். தெருப் பையன்கள் அதற்கு முன்பே அவருக்குக் காத்தாடி என்று பெயர் வைத்திருந்தார்கள். அப்பாவுக்கு அது தெரியும். தெரிந்தும் அவர்கள் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டுவார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலை இழந்தவர்களுக்கும் படித்துவிட்டுச் சும்மா இருப்பவர்களுக்கும் இலவசமாகக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்ற செய்தியை அம்மாதான் வேனில் கேட்டுக்கொண்டு வந்தாள். டவுனில் வாய்க்கால் பக்கம் ஒரு பழைய வெள்ளைக்காரன் வீட்டு மாடியில் வகுப்பு. பத்தாவது வரை படித்துவிட்டு இருபது வருடம் நூலோடு கிடந்தவனுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்று அப்பா கேட்டார். அம்மா வாதாடவில்லை. அவருடைய சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

அப்பா போய்ச் சேர்ந்தார். அவரோடு மில்லில் இருந்த இன்னும் இரண்டு பேரும் சேர்ந்தார்கள். அவர்கள் சில நாளில் நின்றுவிட்டார்கள். மிச்சம் இருந்ததெல்லாம் பிளஸ் டூ முடித்த பையன்களும் பெண்களும். சொல்லிக்கொடுத்த மேடமே அப்பாவை அண்ணா என்றுதான் கூப்பிடுவாராம். பயிற்சியின் முடிவில் ஒவ்வொருவரும் எல்லோர் முன்னிலையிலும் எழுந்து நின்று ஒரு தலைப்பில் பேச வேண்டும். அன்றைக்கு ஒரு ஆபீசர் வருவார். நன்றாகப் பேசுகிறவர்களைச் சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு, ஸ்டோர்ஸில் கம்ப்யூட்டரில் கணக்கு ஏற்றும் வேலைக்குச் சிபாரிசு செய்வார்கள். சீட்டுக் குலுக்கியதில் அப்பாவுக்கு வந்த தலைப்பு, ஆரம்பகால ஆபரேட்டிங் சிஸ்டங்களின் வரலாறு.

மேடம் கொடுத்த தாள்கள் இங்கிலீஷில் இருந்தன. எனக்கு அதை வாசிக்கத் தெரியும், புரியாது. அப்பாவுக்குச் சொன்னால் புரியும், வாசிக்க வராது. ஆகவே கார்ட்டூன் முடிந்ததும் விமர்சனத்துக்குப் பதில் நாங்கள் இதற்கு உட்கார்ந்தோம். நான் ஒவ்வொரு வாக்கியமாக உரக்கப் படிப்பேன். தெரியாத சொல்லைக் கட்டம் போட்டு வைத்து மறுநாள் மேடத்திடம் கேட்டுக்கொண்டு வருவார். ஆதியில் கம்ப்யூட்டருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று ஒன்றே கிடையாது, ஒருவர் வேலையை முடித்து எழுந்த பிறகுதான் அடுத்தவர் உட்கார முடியும் என்று வந்தபோது, ஷிப்ட் மாதிரி என்றார். அட்டையில் துளை போட்டு எல்லோருடைய வேலையையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி மெஷினுக்குக் கொடுத்தார்கள் என்று வந்தபோது, அட்டையை அடுக்கியவன் பாடு என்ன ஆகியிருக்கும் என்று கவலைப்பட்டார்.

பிறகு ஒரு பக்கம் வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனிக் கட்டளை. ஒன்றுக்கு எழுதியது இன்னொன்றில் ஓடாது. மெஷின் மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். வெகுநாள் கழித்துத்தான், எந்த மெஷினுக்கும் தூக்கிக்கொண்டு போய் வைக்கலாம் என்கிற மாதிரி ஒன்றைச் சிலர் எழுதினார்கள். அப்பா தொடையில் ஓங்கித் தட்டிக்கொண்டார்.

"பாப்பா, இது நம்ம காத்தாடிப் பையன் கதைதான்."

அங்கே போய்க் கார்ட்டூன் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். அவரும் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். அந்த இங்கிலீஷ் முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொடுத்தேன். குளிக்கும்போதும் காய் நறுக்கும்போதும் அதை முணுமுணுத்து மனப்பாடம் செய்தார்.

அந்த நாள் ஒரு சனிக்கிழமை. காலையில் அப்பாவே எனக்குத் தலை பின்னி, பள்ளிக்கூட ரிப்பனைக் கட்டி, நீயும் வா என்று கூட்டிக்கொண்டு போனார். அங்கே போய்ப் பார்த்தால் வேறு யாரும் வீட்டிலிருந்து ஒருவரையும் அழைத்து வந்திருக்கவில்லை. மேடம் என்னைக் கடைசி பெஞ்சில் ஒரு அக்காவின் பக்கத்தில் உட்காரவைத்தார். பையன்கள் எழுந்து எழுந்து கடகடவென்று இங்கிலீஷில் பேசினார்கள். ஆபீசர் காபி குடித்துக்கொண்டே தலையாட்டினார். அப்பாவின் முறை வந்தது.

வணக்கம் சொன்னார். ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்பதற்கு ஒரு வாக்கியம், நான் எழுதிக்கொடுத்தது, சுத்தமாக வந்தது. இரண்டாவது வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டார். அதே இடத்துக்குத் திரும்பி வந்து மறுபடி நின்றார். முன் வரிசையில் ஒருவன் பக்கத்திலிருந்தவனை இடித்தான். தமிழிலேயே சொல்லுங்கள், பரவாயில்லை என்றார் ஆபீசர். அப்பா தலையைத் தூக்கிக் கடைசி பெஞ்சைப் பார்த்தார். அடுத்த சொல் மறந்துவிட்டது என்று நினைத்து நான் அதை வாயசைத்துக் காட்டினேன். அவர் என் வாயைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், ஒரு பையன் காத்தாடி மேல ஏறிப் போறான்," என்றார்.

முதலில் ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லோரும். ஆபீசர் கப்பைக் கீழே வைத்துவிட்டு, இது என்ன கதை என்று கேட்டார்.

"கார்ட்டூன் சார். டெய்லி அஞ்சு மணிக்கு வரும். அதோ எம் பொண்ணு. ரெண்டு பேரும் சேந்துதான் பாப்போம்."

அத்தனை தலையும் திரும்பியது. ரிப்பன் கட்டிய என் இரட்டைச் சடையை அத்தனை கண்ணும் பார்த்தன. நான் எதையோ தவறவிட்டவள் போலக் குனிந்து பெஞ்சுக்கு அடியில் போய்விட்டேன். அங்கே எல்லோருடைய கால்களும் தெரிந்தன. பக்கத்து அக்காவின் கொலுசு, அவள் சிரிப்புக்குத் தகுந்தபடி குலுங்கியது. காது இரண்டும் எரிந்தன. இந்தத் தரை பிளந்து அப்பா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

மேலே அப்பாவின் குரல் நிற்கவில்லை. கோட்டைக் கதவு, ஊருக்கு ஒரு சொல், ஷிப்ட், அட்டை அடுக்குகிறவன் என்று எல்லாவற்றையும் ஒரே கதையாகச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு இடத்தில், எல்லாவற்றுக்கும் முதலில் வந்தது, கட்டளையை அடிக்கிற அந்தக் கறுப்புத் திரைதான் என்றார். மேடம் மெதுவாக, இல்லைங்கண்ணா, திரை வருவதற்கு முன்பே மெஷினோடு காகிதத்தில் அடித்துத்தான் பேசினார்கள் என்று திருத்தினார். ஆமாம் மேடம், மாற்றிச் சொல்லிவிட்டேன் என்றார். அதற்கும் சிரிப்பு.

கடைசியில் அவர் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது.

"அந்த சீரியல்லயும் சரி, இதுலயும் சரி, எனக்கு ஒரே கொறதான் சார். முடிக்கவே மாட்டேங்குறாங்க. புதுசா ஒண்ணு வந்துட்டா, பழசுல கெட்டிக்காரனா இருந்தவனும் கதவுக்கு வெளிய நின்னு, மொதல்லேருந்து கத்துக்கணும். கத்துக்கலாம். ஆனா அவன் இதுக்கு முன்னாடி ஒண்ணும் தெரியாதவனா இருக்கலன்னு யாராவது ஒருத்தருக்குத் தெரிஞ்சா நல்லாருக்கும்."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. கொலுசும் அசையவில்லை. சிரிக்கக்கூட முடியாத அளவுக்கு மோசமாகப் பேசிவிட்டார் என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். கொஞ்சம் தாமதமாகக் கைதட்டல் வந்தது. அதைக் கேலி என்று எடுத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் இரண்டு பையன்கள் அவரை நிறுத்தி, எந்த சேனல் அண்ணே, எந்த நாட்டுக் கதை நன்றாயிருக்கும் என்று கேட்டார்கள். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாவகாசமாகப் பதில் சொன்னார். நான் எதிர்ச் சுவர் ஓரமாக நின்று முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். வழியில், வயிறு வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கோலி சோடா வாங்கிக் கொடுத்தார்.

அம்மா வந்ததும் முதல் ஆளாக ஓடிப்போய், அப்பா எல்லார் முன்னாடியும் கார்ட்டூன் கதை சொல்லி மானத்தை வாங்கிவிட்டார் என்று அழுதேன். அம்மா கைப்பையைக்கூட இறக்காமல் அப்பாவைப் பார்த்து, "பேசிட்டியா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையாட்டினார். அவ்வளவு நேரம் பிடித்து வைத்திருந்தவள் போல மூச்சை விட்டாள். என் வழக்கை விசாரிக்க அந்த வீட்டில் யாருமில்லை.

அந்த ஸ்டோர்ஸ் வேலை அப்பாவுக்குக் கிடைத்தது. அம்மா போன அதே பக்கம், வேறு வேனில் போய்விட்டு ஏழு மணிக்கு மேல்தான் வருவார். தெருவில் ஐந்து மணிக்குச் சொல்தா மட்டும் மிஞ்சினார். நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சில மாதத்தில் அதுவும் சலித்துப்போயிற்று. நடுவில் ஒரு நாட்டில் பையன் நின்றுகொண்டிருக்கும்போதே அந்தச் சேனல் தொடரை நிறுத்திவிட்டது. அப்பாவிடம் சொன்னபோது, அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கல்லூரி முடித்து முதல் இன்டர்வியூவுக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தபோது, கூட வா என்று அம்மாவை நச்சரித்தேன். அப்போதுதான் அவள் சொன்னாள். அந்தச் சனிக்கிழமைக்கு அவளைத்தான் அப்பா கூப்பிட்டிருக்கிறார். லீவு தர மாட்டார்கள் என்று அம்மா சொன்னதும், அப்படியானால் நானும் போகவில்லை என்று படுத்துவிட்டாராம். இளசுங்களுக்கு நடுவில் தனியாக எழுந்து நின்றால் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்கிறது, தெரிந்த முகம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்றாராம்.

தன் சாமர்த்தியத்தை நான் பார்க்கட்டும் என்றுதான் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போனார் என்று அத்தனை வருடமும் நம்பியிருந்தேன். அந்தப் பழைய வீட்டின் மரப்படிகள் செங்குத்தாக இருக்கும். ஏறும்போது விரல் வலிக்கிற அளவுக்கு என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் விழுந்துவிடக் கூடாது என்றுதான் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் பாட்டுக்கு மேலே ஏறிப் போனேன்.