பதுளையில் அப்பா தேடிய கூட்டம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில், மேற்பிரிவு லயத்தில் பிறந்து, அறுபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்து, சென்ற ஆண்டு இதே மாதத்தில் எங்களைப் பிரிந்த அப்பாவைப் பற்றி எழுதும் பொறுப்பு மூத்த மகளான என்னிடம் வந்திருக்கிறது. "மதுவை மனத்தாலும் தீண்டாதவர்" என்று ஒரு வரி சேர்க்கும்படி சித்தப்பா சொன்னார். இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப்பேர், ஒரு முறையாவது அப்பாவைத் தோளில் சாய்த்து வீட்டுக்குக் கூட்டி வந்தவர்கள். அவர்களிடம் போய் இப்படி எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

அப்பா ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் சேர்ந்தார். இயந்திரம் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். யாரையும் கடிந்து பேசியதில்லை. குடித்தால் பாடுவார், அவ்வளவுதான். லயத்தின் பன்னிரண்டு வீடுகளும் விழித்துக்கொள்ளும்.

ஒருநாள் குடித்துவிட்டு வேலைக்குப் போய், கை இயந்திரத்துக்குள் போகப் பார்த்தது. பக்கத்தில் நின்றவர் இழுத்துக் காப்பாற்றினார். அன்று அம்மா துணிகளைப் பையில் அடுக்கி வாசலில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"இன்னொரு தடவ குடிச்சிட்டு வந்தீங்கன்னா, நான் பசறைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வரமாட்டேன்."

அம்மா சத்தம் போட்டிருந்தால் அப்பா சிரித்து மழுப்பியிருப்பார். மெதுவாகச் சொன்னதால் பயந்துவிட்டார்.

தோட்டத்து மருந்தகத்து ஐயாதான் அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொன்னார். குடியை விட நினைப்பவர்கள் ஞாயிறுதோறும் பதுளையில் கூடுகிறார்கள், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு நீளக் கட்டடம், பெயர்ப்பலகை கிடையாது, யாரும் பெயர் கேட்க மாட்டார்கள் என்றார். அப்பா வழியில் வேறு எங்கேயாவது திரும்பிவிடக் கூடாது என்று அம்மா என்னையும் கூட அனுப்பினார். அப்போது நான் ஆசிரியை வேலையில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

கட்டடத்தில் முதல் கதவைத் திறந்தால், இருபது பேர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். "இதுதாம்மா. மொகத்தப் பாத்தாலே தெரியுது" என்று அப்பா உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார். யாராவது பேச விரும்புகிறீர்களா என்று தலைவர் கேட்டதும் எழுந்தார்.

அரை மணி நேரம் பேசினார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே விழுந்து தூங்கி என் பரிசளிப்பு விழாவைத் தவறவிட்டதை அன்றுதான் சொன்னார். வேலையால் வரவில்லை என்றே அதுவரை நம்பியிருந்தேன். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா உட்கார்ந்த பிறகு தலைவர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, நல்லாப் பேசுனீங்க. நிறுத்த மனசு வரல. ஆனா இது மரண உதவிச் சங்கங்க. நீங்க கொஞ்சம் சீக்கிரமா வந்துட்டீங்க. நீங்க தேடுறது அடுத்த ரூம்."

முதலில் சிரித்தது அப்பாதான். அடுத்த அறைக்குப் போனபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டவரும் இன்னொருவரும் பின்னாலேயே வந்து உட்கார்ந்தார்கள்.

அங்கே ஒரு தையல்காரர், ஒரு பேக்கரி முதலாளி, ஓய்வு பெற்ற சிங்கள எழுத்தர் ஒருவர் என்று எட்டுப் பேர் இருந்தார்கள். அப்பா பதினொரு ஆண்டுகள் போனார். நடுவில் இரண்டு முறை குடித்தார். இரண்டு முறையும் தானே அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த ஞாயிறும் பேருந்தில் ஏறினார். அம்மா பையை எடுத்தார், எங்கும் போகவில்லை.

எங்கே போகிறார் என்று வீட்டுக்கு வெளியே யாருக்கும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பதுளைக்குப் போகிறவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருப்பதாக லயத்தில் பேச்சு. அத்தை வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தெளிஞ்ச மனுசனா வீட்டுக்கு வர்றாருல்ல, அது போதும்" என்று அம்மா சொல்லிவிட்டார். அத்தைக்குத் தலை சுற்றிவிட்டது.

நுரையீரல் நோயில் படுத்தபோது அப்பா ஒன்றுதான் கேட்டார். தம் சாவில் யாருக்கும் ஒரு சொட்டும் ஊற்றக் கூடாது. எங்கள் பக்கத்தில் குழி வெட்டுகிறவர்களுக்குச் சாராயம் கொடுப்பது வழக்கம். போத்தல் இல்லாமல் யார் மண்வெட்டியைத் தொடுவார்கள் என்று சித்தப்பா தவித்தார். காலை ஒன்பது மணியாகியும் யாரும் தொடவில்லை.

அப்போது பதுளையிலிருந்து ஒரு வேன் வந்தது. இறங்கிய ஒன்பது பேரும் மண்வெட்டி எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள். தையல்காரர் அளவெடுத்தார், பேக்கரி முதலாளி வெட்டினார், எழுத்தர் மேற்பார்வை பார்த்தார். குழி ஒரு பக்கம் சரிந்து, திரும்பவும் வெட்ட வேண்டியதாயிற்று. அப்பா பந்தலில் ஒரு மணி நேரம் அதிகமாகக் காத்திருந்தார்.

எல்லாம் முடிந்ததும் அம்மா தன் கையாலேயே அவர்களுக்குப் பிளேன்டீ கொடுத்தார். அதுவரை அவர்களைப் பற்றி அம்மா கேள்விப்பட்டதுதான், நேரில் பார்த்ததில்லை. உள்ளங்கையில் கொப்புளம் எழுந்திருந்த தையல்காரரிடம் பெயர் கேட்டார். பழக்க தோஷத்தால் அவர் தயங்கினார்.

"வேணாங்க, சொல்லாதீங்க. அவர எனக்குத் திருப்பிக் குடுத்தது நீங்கதான்னு தெரியும்" என்றார் அம்மா.

தோள் கொடுத்த அயலவர்களுக்கும், பந்தல் போட்டுத் தந்த இளைஞர்களுக்கும், தூரத்திலிருந்து வந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. பெயர் போட முடியாத அந்த ஒன்பது பேருக்கு, அம்மா சொன்னதற்கு மேல் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை.

மூத்த மகள்