லிஃப்ட் கதவருகே ஓர் இடைவெளி

ஆஸ்பத்திரியில் அவனைக் கம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி. தவிர, வேலைக்குச் சேர்ந்த புதிதில் படுக்கைக்குப் படுக்கை வயர் இழுத்துக்கொண்டிருந்தான். வயர்களைக் கழற்றிவிட்டு வயர்லெஸ் பெட்டிகள் வந்த பிறகும் பெயர் மாறவில்லை. "கம்பியில்லாததுக்கும் கம்பிதான் வரணும்" என்பாள் இதய வார்டின் தலைமை நர்ஸ்.

பெட்டி நோயாளியின் கழுத்தில் தொங்கும். மார்பில் ஒட்டிய பட்டைகளிலிருந்து துடிப்பை எடுத்து வராந்தாக் கூரையிலுள்ள ரிசீவருக்கு அனுப்பும். ஒரே அலைவரிசையில் நிற்காது. கண்ணிமைப்பதற்குள் பலமுறை ஒன்றை விட்டு இன்னொன்றுக்குத் தாவும். ஒன்றில் இரைச்சல் இருந்தால் அடுத்ததில் பிழைத்துக்கொள்ளும். அந்தத் தாவலைக் கவனித்துக்கொள்வதுதான் கம்பியின் பிழைப்பு.

அவன் மனைவி பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிப்பவள். மாடிப்படியில் மயங்கி விழுந்து இப்போது அதே வார்டில் படுத்திருந்தாள்.

"கல்யாணத்தப்போ கழுத்துக்கு ஒரு சங்கிலி வாங்கித் தரேன்னீங்களே, இதுதானா?" என்று பெட்டியைத் தூக்கிக் காட்டினாள்.

படுத்திருக்கையில் கோடு ஒழுங்காக ஓடியது. நடந்தால் லிஃப்ட் அருகே துடிப்பு மறைந்து திரையில் நேர்கோடு வந்தது. சிக்னல் விட்டாலும் இதயம் நின்றாலும் அதே நேர்கோடுதான். அந்த இடத்தில் சிக்னலும் விட்டிருந்தது. அந்த இடைவெளியில் இதயம் என்ன செய்தது என்பதைப் பார்க்க வழியில்லை.

"சிக்னல் கோளாறுதான்னா நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார் டாக்டர்.

"இல்லைன்னா டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இதயம்தான் நடுவுல நிக்குதுன்னு அர்த்தம், அதோட சதையே தளர்ந்து போயிருக்கும். கத்தி வைக்கிற நிலைமையும் இருக்காது. முதல்ல லைனைச் சுத்தம் பண்ணிக் குடுங்க, கம்பி."

தன் வேலையில் குறை சொன்னவர்களோடெல்லாம் மல்லுக்கு நின்றவன், குறை தன் வேலையில்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டான்.

"அந்த இடமே சனியன் பிடிச்ச இடம்" என்று மனைவியிடம் விளக்கினான். "லிஃப்ட் கதவு முழுக்க இரும்பு. அலை அதுல முட்டித் திரும்பி வந்து நேரா வர்ற அலையைக் கொன்னுடும். ஒரு சாண் தள்ளி நின்னா உயிர் இருக்கும். பக்கத்துலயே மைக்ரோவேவ் அடுப்பு வேற. பார்க்க வர்றவன் ஒவ்வொருத்தன் பையிலயும் ஒரு போன்."

"எப்படியோ, நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றீங்க."

"அதைத்தானே சொல்லிட்டிருக்கேன்."

இரைச்சல் மிகுந்த அலைவரிசைகளைத் தாவல் வரிசையிலிருந்து நீக்கினான். கூரையில் சற்றுத் தள்ளி இரண்டாவது ஆண்டெனா மாட்டினான். ஒன்றில் தேய்ந்த அலை மற்றதில் தேயாமல் விழும். ஒவ்வொரு துடிப்பையும் வேறொரு அலைவரிசையில் மறுபடி அனுப்பச் செய்தான். பிறகு ஒரு பெட்டியைத் தன் கழுத்திலேயே மாட்டிக்கொண்டு லிஃப்டைக் கடந்து நடந்தான். கோடு எங்கும் அறுபடவில்லை. செய்த வேலை சுத்தமாக இருந்தது. பார்வையாளர் பெஞ்சில் கொஞ்சம் உட்கார்ந்தான்.

மதியம் சோதனைக்காக மனைவியின் அலாரத்தை நிறுத்திவிட்டு அவளை நடக்கவைத்தான். கையடக்கத் திரையைப் பார்த்தபடி பக்கத்தில் போனான். மேலே துடிப்பு, கீழே வரும் வழியில் தொலைந்த சிக்னல்களின் எண்ணிக்கை. லிஃப்ட் கதவருகே அவள் நடை தளர்ந்தது. மேலே நேர்கோடு. கீழே பூஜ்யம்.

ஒன்றும் தொலையவில்லை. அனுப்பியதெல்லாம் வந்து சேர்ந்தது. அனுப்ப எதுவும் இல்லாமல் இருந்தது.

துடிப்பு மறுபடி எழுந்தது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பெட்டியா?"

"உக்காரு. பாத்துட்டு வரேன்."

நர்ஸ் மேசைக்குப் போனான். நீக்கிய அலைவரிசைகளைத் திரும்பச் சேர்க்க ஒரு பொத்தான் போதும். இரண்டாவது ஆண்டெனாவை அணைக்க இன்னொன்று. பழைய இரைச்சல் வந்துவிடும். டாக்டர் மறுபடி தெரியவில்லை என்பார். விரலைப் பொத்தானில் வைத்தான்.

"கை ராசி கம்பி உனக்கு" என்றாள் தலைமை நர்ஸ். "காலையிலேருந்து ஒரு பொய் அலாரம் இல்ல. ஜன்னலோரப் பெரியவருக்கு நிஜமாவே படபடப்பு வந்துச்சு, உடனே ஓடினோம். பழைய மாதிரின்னா சிக்னல்னு விட்டிருப்போம்."

திரையில் வார்டின் எல்லாக் கோடுகளும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பிசிறில்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. மனைவியுடையதும். விரலை எடுத்துக்கொண்டான்.

"என்னய்யா, மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். டாக்டர் வந்தா சொல்லுங்க, லைன் சுத்தமாயிடுச்சுன்னு."

வராந்தாவுக்குத் திரும்பினான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். எழுந்திருக்கக் கையை நீட்டினாள்.

"ஜன்னல் வரைக்கும் போய்ட்டு வரலாமா?"

"வேணாம்மா. படு."

"படுத்தா மட்டும்?"

அவள் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னலை நோக்கி நடந்தான். திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பெட்டி ஒன்று விடாமல் அனுப்பிக்கொண்டே வந்தது.