அட்டை போட்ட தத்துவப் புத்தகம்

என் மகளுக்கு நாலரை வயது. சோறு ஊட்டும்போது நானே கட்டிய கதைகளைச் சொல்வேன். முடிவில், "இதுலிருந்து என்ன தெரியுது?" என்று கேட்பேன். கேட்காவிட்டால் அம்மாவாக ஏதோ கடமையில் தவறியதுபோல இருக்கும். ஒருநாள் கதையைத் தொடங்கியதுமே அவள் தட்டைத் தள்ளினாள்.

"கடசீல கேள்வி கேப்பீங்களா? அப்ப எனக்குக் கதை வேண்டாங்கம்மா."

அதன்பிறகு கைபேசியைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். நான் பயந்துவிட்டேன். என் கதைகளில் ஆழமில்லை, தத்துவம் படித்தால் வரும் என்று நானே முடிவு செய்து, போத்தனூரிலிருந்து பஸ் ஏறி உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடைக்குப் போனேன். கடைக்கார பாயின் மகள், என் வயதுதான் இருக்கும், ஓர் அறிமுக நூலை எடுத்துத் தந்தாள். புரியாவிட்டால் மாற்றிக்கொள்ளலாம் என்றாள்.

எனக்குப் படிக்கத் தெரிந்தது ஒரே முறைதான். பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டினேன். ஸ்கேல் வைத்து அடிக்கோடிட்டேன். நோட்டில் மார்ஜின் போட்டு, இரண்டு மார்க், ஐந்து மார்க் என்று பிரித்து விடை எழுதினேன். பசிக்குத் திருடுவது தவறா? ஐந்து பாயிண்ட். மூன்று வாரத்தில் நோட்டு நிரம்பியது. கதை ஒன்றுகூட வரவில்லை. எனக்கு இது ஆகாது என்று புத்தகத்தை மாற்றப் போனேன்.

புத்தகத்துக்குள் செருகியிருந்த நோட்டை பாயின் மகள் புரட்டினாள்.

"ஏனுங்க, பரிச்சை எப்பங்க?"

கூச்சத்தில் நான் சிரித்தேன். அவள் புத்தகத்தில் அந்தப் பசித் திருட்டு அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள்.

"எழுதுனவரே பதில் தெரியலைன்னு உட்டுட்டாருங்க. நீங்க அஞ்சு பாயிண்டுல முடிச்சுப்புட்டீங்களே."

உண்மைதான். அத்தியாயம் ஒரு கேள்வியோடு நின்றிருந்தது. அந்த வரியின் கீழும் நான் நேராகக் கோடு போட்டிருந்தேன். புத்தகத்தை மாற்றாமல் திரும்பினேன்.

அன்று மாலை, கேள்வி கேட்க மாட்டேன் என்று சொல்லிக் கைபேசியை வாங்கி வைத்துவிட்டு, பழைய ஆட்டுக் கதையையே எடுத்தேன். அடுத்தவர் தோட்டத்துச் சோளத்தைத் தின்னும் ஆடு, நான் சொல்லும்போதெல்லாம் அடி வாங்கித் திருந்தும். இந்த முறை, ஆடு வாய் நிறையச் சோளத்தோடு நிமிர, தோட்டக்கார அம்மா எதிரில் நிற்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. ரசஞ்சோற்றைப் பிசைந்தபடி அடக்கிக்கொண்டேன்.

மகள் என்னையே பார்த்தாள்.

"அந்த ஆடு காத்தால சாப்பிடலீங்களாம்மா?"

"தெரியலையே கண்ணு."

"அந்தம்மா சாப்பிட்டாங்களா?"

இத்தனை முறை சொல்லியும் எனக்கு அது தோன்றியதே இல்லை. அதுவும் தெரியவில்லை என்றேன். அவள் வாயைத் திறந்து அடுத்த உருண்டையை வாங்கிக்கொண்டு, நாளைக்கும் இதே ஆடுதான் வேண்டும் என்றாள்.

குழந்தையை விடை இல்லாமல் விடுவது சரியா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாலையும் அவள் தட்டோடு வந்து உட்காரும்போது, கடையில் என் நோட்டைப் புரட்டிய அந்தப் பெண்ணுக்கு மனதுக்குள் நன்றி சொல்கிறேன். போன வாரம் அவளிடமே இன்னொரு புத்தகம் வாங்கினேன். அட்டை மட்டும் போட்டுவிட்டேன்.